பழைய வில்லும் பி.காம். பாடமும்

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போனால் மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போகலாம். செகண்ட் ஹேண்ட் வில் வாங்க யாரைக் கூட்டிக்கொண்டு போவது? கல்மண்டபத்தில் வஞ்சிரம் என்ன விலை என்று கேளுங்கள், தூக்கத்தில் கூட சொல்வேன். வில் என்ன விலை என்று எனக்கும் தெரியாது, எங்கள் தெருவுக்கும் தெரியாது :-)

வில்வித்தை பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. பயிற்சியில் ஒரே வில்லை நாலு பேர் மாற்றி மாற்றிப் பிடிக்கிறோம். ஒரு மணி நேரத்தில் என் கைக்கு வருவது பதினைந்து நிமிடம். அம்மா சீட்டு எடுத்த பணத்தில் எட்டாயிரம் ஒதுக்கித் தந்தார். அந்த நேரம் பார்த்து, அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த ஒரு அண்ணன் தன் வேட்டை வில்லை விற்கப் போவதாகத் தகவல்.

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த நாட்டில் வேட்டை வில்லை வைத்து என்ன செய்வது? இலக்குப் பலகையைத்தான் அடிக்க வேண்டும். ஆனால் அது மான் உடம்பைத் துளைப்பதற்காகச் செய்தது. சிக்கலே அங்குதான்.

போவதற்கு முன் கோச் சொல்லி அனுப்பியபடி எல்லாம் பார்த்தேன். நாணைக் கழற்றி, நுனியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் கைகள் முறுக்கியிருக்கிறதா என்று தெரியும். பஞ்சை மேலே தடவினால், சிலாம்பு இருக்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளும். நாண் பிரிந்திருந்தால் பரவாயில்லை, அது மாற்றக்கூடிய பொருள்.

"அண்ணே, அம்பு வைக்காம எப்பவாவது விட்டிருக்கீங்களா?"

"சேச்சே... ஏன் தம்பி?"

அம்பு இல்லாமல் நாணை விட்டால் அம்போடு போக வேண்டிய விசையை வில்லே வாங்கிக்கொள்ளும். வெளியே தெரியாமல் உள்ளே விரிசல் விடலாம். இவர் வில்லில் அப்படி ஒன்றும் இல்லை. அருமையான சரக்கு, விலையும் சரியாக எட்டாயிரம்.

பிறகுதான் கைப்பிடிக்கு மேலே எழுதியிருந்ததைப் படித்தேன். 28 அங்குலத்துக்கு 45 பவுண்டு. அதாவது 28 அங்குலம் இழுத்தால் விரல்கள் தாங்க வேண்டியது சுமார் 20 கிலோ. வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணி கேன், அதை மூன்று விரலில் இழுத்துப் பிடித்தபடி குறி பார்க்க வேண்டும்! என் கை நீளத்துக்கு 26 அங்குலம்தான் இழுக்க முடியும். அங்குலத்துக்கு இரண்டு, மூன்று பவுண்டு குறைத்தாலும் 40-க்குப் பக்கம் நிற்கிறது. புதிதாகப் பழகுகிறவருக்கு 20 பவுண்டு சுற்றி இருந்தால் போதும் என்பார்கள். கனம் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும், உடம்பு குறுக்கு வழி தேடும். அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரிய வேலை. தோளில் அடிபட்டால் பழகவே முடியாது.

கைப்பிடியும் கைகளும் தனித்தனியாகக் கழற்றும் வில்லாக இருந்தால், கனம் குறைந்த கைகளை மாட்டியிருக்கலாம். இது ஒரே துண்டு.

வணிகச் சட்டப் பாடத்தில் 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் படித்தோமே, பிரிவு 16 ஞாபகம் வந்தது. பொருள் தன் தேவைக்குப் பொருந்துமா என்று வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எதற்கு வேண்டும் என்று சொல்லி, அதே தொழில் செய்கிற கடைக்காரர் திறமையை நம்பி வாங்கினால் விதிவிலக்கு உண்டு. அண்ணன் வில் வியாபாரி இல்லை. அவர் மேல் குறையும் இல்லை. தரம் முதல் வகுப்பு, எனக்குத்தான் பொருத்தம் இல்லை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இவ்வளவு தெளிவாகப் புரியவில்லை.

"வேணாம்ணே, எனக்கு இது கனம்" என்றேன்.

"போகப் போகப் பழகிடும் தம்பி, ஐநூறு குறைச்சுக்கோ" என்றார்.

ஐநூறு குறைந்தால் பவுண்டு குறையுமா?

ராஜஸ்தான் பழங்குடி கிராமத்திலிருந்து வந்த லிம்பா ராம் மூங்கில் வில்லில் பழகியவர். 1988, 1992, 1996 என்று மூன்று ஒலிம்பிக்ஸ் போனார். இன்றும் நம் நாட்டில் மூங்கில் வில்லுக்கென்று 'இந்தியன் ரவுண்டு' என்று தனிப் போட்டியே இருக்கிறது. தொடங்குவதற்கு விலை உயர்ந்த வில் வேண்டியதில்லை, கைக்கு அடங்குகிற வில் வேண்டும்.

எட்டாயிரம் அம்மாவிடமே திரும்பப் போய்விட்டது. கழற்றி மாட்டும் வில் ஒன்று, 20 பவுண்டு கைகளோடு கிடைத்தால் கேட்பேன். அதுவரை அந்தப் பதினைந்து நிமிடம்தான். மீதி நாற்பத்தைந்து நிமிடம் மற்ற மூன்று பேர் தோளையும் முழங்கையையும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குக் காசு கிடையாது.