குடவோலையும் வாக்குச்சீட்டும்

மக்களாட்சியைப் பாடமாக நடத்துவது எளிது. மாணவர் உள்ளத்தில் பதியவைப்பது அரிது. தேர்வுக்கென மனனம் செய்த வரையறை தேர்வோடு மறைந்துவிடும். இவ்வுண்மையைச் செந்தூலில் தமிழாசிரியர் ஒருவர் தம் வகுப்பறையிலேயே கண்டார்.

இரயில்வே பட்டறையை நம்பித் தமிழர் பலர் குடியேறிய ஊர் செந்தூல். அன்று ஆசிரியர் உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பெருமிதத்தோடு விளக்கினார். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்த முறையை அவர் சொல்லி முடித்ததும், மாணவன் ஒருவன் எழுந்தான்.

“ஐயா, எங்கள் குடியிருப்புத் திடலில் விளக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் யார்? அவரை நாம்தாம் தேர்ந்தெடுக்கிறோமா?”

ஆசிரியர் தயங்கினார். ‘ஆம்’ என்றால் பாடம் இனிதே முடியும். ஆனால் அது மெய்யாகாது. எனவே, முதலில் சட்டம் பிறக்கும் வழியை விளக்கினார். மசோதா மக்களவையில் மூன்று வாசிப்புகளைக் கடந்து, மேலவையிலும் நிறைவேறி, மாமன்னரின் ஒப்புதலுக்குச் செல்கிறது. அரசமைப்பைத் திருத்தவோ, மொத்த உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். 222 பேர் கொண்ட மக்களவையில் அது 148 வாக்குகள். வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தத்திற்கு 2019 ஜூலை 16ஆம் நாள் 211 உறுப்பினர் இசைந்தனர். எதிர்வாக்கு ஒன்றுகூட இல்லை. அது 2021 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது.

பின்னர் விளக்கைப் பற்றிய வினாவுக்கு வந்தார். 1952இல் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல் நடந்தபோது நகரம் நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று செந்தூல். வட்டாரத்திற்கு மூவராகப் பன்னிருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1960ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டம் அம்மன்றத்தின் இடத்தில் நியமன ஆணையரை அமர்த்தியது. 1974இல் நகரம் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. டத்தோ பண்டார் இன்றும் நியமிக்கப்படுபவரே. அண்டையிலுள்ள சிலாங்கூரில் வாழ்வோர் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்க, செந்தூல்வாசிக்கு உள்ளது நாடாளுமன்ற வாக்கு ஒன்றே.

“அப்படியானால் நாங்கள் என்ன செய்வது, ஐயா?”

“கேட்கலாம், தம்பி. முறையாகக் கேட்பதும் குடிமகனின் உரிமைதான்.”

மாநகர் மன்றத்திற்கு விண்ணப்பம் எழுத வகுப்பு முனைந்தது. விளக்கு வேண்டும் என்றனர் பலர். இரவெல்லாம் வெளிச்சம் வீசினால் திடலையொட்டிய வீட்டிலுள்ள தன் பாட்டி உறங்க இயலாது என்றாள் ஒரு மாணவி. கைதூக்கி வாக்கெடுத்தபோது விளக்கே வென்றது. எனினும், இரவு பத்து மணிக்குமேல் அதனை அணைத்துவிட வேண்டும் என்னும் அவள் கருத்தையும் விண்ணப்பத்தில் சேர்க்கும்படி ஆசிரியர் கூறினார். பெரும்பான்மை முடிவு செய்யும். சிறுபான்மையின் குரல் அம்முடிவைச் செம்மைப்படுத்தும். அன்றைய பாடத்தில் மாணவர் மறவாத பகுதி இதுவே.

உத்தரமேரூரில் ஓலையை எடுத்த சிறுவனுக்கு அக்குடத்தில் தன் பெயரை இடும் உரிமை இல்லை, நிலமற்றோர்க்கும் இல்லை. செந்தூல் மாணவனுக்கோ 18 வயதில் வாக்குரிமை தானாகவே வந்து சேரும். பழம்பெருமையைக் கற்பிக்கும்போது அதன் எல்லையையும், இன்றைய உரிமையைக் கற்பிக்கும்போது அதன் குறையையும் மறையாமல் உரைப்பது ஆசிரியர் கடன். குறையை அறிந்தவனே அதனை நிறைவுசெய்ய முயல்வான்.