திருடப்பட்ட நதி

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1972 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய படகுப் பந்தயக் கால்வாய், அரை நூற்றாண்டு கடந்தும் சீறிக்கொண்டிருக்கிறது.

நதியைத் திருட முடியுமா? தண்ணீரைத் திருடலாம். மணலைத் திருடலாம். நம் நாட்டில் இரண்டும் அன்றாடம் நடக்கிறது. ஆனால் ஒரு நீரோட்டத்தின் வளைவு, சரிவு, பாறை, சுழி அத்தனையையும் கவனித்து அளந்துகொண்டு போய், வேறோர் ஊரில் அதேபோல் ஒன்றைக் கட்டிக்கொள்வது? மியூனிக் ஒலிம்பிக்குக்கு முன்பு கிழக்கு ஜெர்மனி அதைத்தான் செய்தது.

மேற்கு ஜெர்மனி 1971-ல் ஆக்ஸ்பர்க்கில் ஒரு செயற்கைக் காட்டாற்றைக் கட்டி முடித்தது. ஸ்லாலோம் எனப்படும் வளைவுப் பந்தயம் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெறுவதற்காக எழுந்த கட்டுமானம் அது. கிழக்கு ஜெர்மானியர்கள் வந்து பார்த்தார்கள். போய்விட்டார்கள். ஸ்விக்காவ் நகரருகே, முல்டே ஆற்றங்கரையில், சத்தமில்லாமல் அதன் நகல் ஒன்று எழுந்தது. அவர்களது வீரர்கள் அங்கேயே துடுப்புப் போட்டுப் பழகினார்கள். 1972 ஆகஸ்ட் இறுதியில் ஆக்ஸ்பர்க்கில் பந்தயம் நடந்தபோது மொத்தம் இருந்தவை நான்கு தங்கப் பதக்கங்கள். நான்கும் கிழக்கு ஜெர்மனிக்கு. மூன்று பிரிவுகளில் இரண்டாம் இடத்தில் நின்றவர்கள், சொந்தக் கால்வாயில் தோற்ற மேற்கு ஜெர்மானியர்கள்.

இந்தக் கதையெல்லாம் தெரியாமல்தான் ஆக்ஸ்பர்க் போனேன். மியூனிக்கில் ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறை முடிந்து இரண்டு நாள் கையில் மிச்சம் இருந்தது. பெர்டோல்ட் பிரெக்ட் 1898-ல் பிறந்த வீடு, ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது என்றார்கள். பிரெக்ட் என்றால் நம் நாடகக்காரர்களுக்குத் தனிப் பாசம். சரி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

வீட்டைப் பார்க்கும் முன்பே காதில் விழுந்தது தண்ணீர். பிரெக்ட் பிறந்த வீட்டை ஒட்டி வாய்க்கால் ஓடுகிறது. அந்தப் பழைய குடியிருப்பு முழுக்கவே லெஹ் ஆற்றிலிருந்து பிரித்துவிட்ட வாய்க்கால்கள். ஒரு காலத்தில் மாவு மில்களையும் தோல் பதனிடுவோரையும் நெசவாளிகளையும் வாழவைத்த தண்ணீர். இங்கே வாய்க்கால் என்றால் நம் ஊர் நினைவில் மூக்கைப் பொத்த வேண்டியதில்லை. அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது. குடிநீரையும் தொழிற்சாலை நீரையும் தனித்தனியே பிரித்து நிர்வகித்த இந்த ஏற்பாட்டை 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பட்டியலில் 22 இடங்கள். தண்ணீர் கோபுரம், நீரூற்று, மின் நிலையம் என்று வரிசையாகப் போகும் அந்தப் பட்டியலில் ஒரு விளையாட்டுத் திடலும் இருந்தது. பெயர் ஐஸ்கனால். பனிக்கட்டிக் கால்வாய்.

பெயருக்குக் காரணம் பந்தயம் அல்ல. நகருக்குத் தென்கிழக்கே லெஹ் ஆற்றின் குறுக்கே ஹோஹாப்லாஸ் என்ற தடுப்பணை இருக்கிறது. நகரத்து வாய்க்கால்களுக்குத் தண்ணீர் பிரிவது இங்கேதான். பக்கத்திலேயே 1879-ல் கட்டிய குடிநீர் நிலையம். குளிர்காலத்தில் ஆற்றோடு மிதந்து வரும் பனிக்கட்டிகள் இயந்திரங்களில் மோதிவிடாமல் அவற்றை ஒதுக்கித் தள்ளிவிட ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். அதுதான் பனிக்கட்டிக் கால்வாய். வேண்டாத குப்பையைக் கழித்துவிடும் பாதை. அதில் படகு விட்டுப் பார்த்த உள்ளூர் இளைஞர்களுக்குத்தான் அதன் வேறு உபயோகம் முதலில் புரிந்தது. ஒலிம்பிக் வந்தபோது அதற்கு கான்கிரீட் கரையும் கான்கிரீட் பாறைகளும் கிடைத்தன.

நான் போனது ஒரு ஜூன் மாதப் பிற்பகல். டிக்கெட் கிடையாது, வாயிற்காவலர் கிடையாது. இருபுறமும் புல்மேடு, அதில் படிகள், மேலே மரங்கள். யாரும் வந்து உட்காரலாம். பின்னணியில் பேரிரைச்சல். சில நூறு மீட்டர் நீளம்தான் பாதை. ஆனால் அதற்குள் தண்ணீர் படும் பாடு இருக்கிறதே! கான்கிரீட் முண்டுகளில் மோதி எழும்பி, சுருண்டு விழுந்து, சில இடங்களில் வந்த வழியே திரும்பி ஏறப் பார்க்கிறது. பச்சை நிறத்தில் வரும் நீர் வெள்ளையாகி, மறுபடி பச்சையாகி வெளியேறுகிறது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரும் தண்ணீர். கை வைத்தேன். ஜூனிலும் விரல் மரத்தது.

மேலே குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பிகளிலிருந்து ஜோடி ஜோடியாகக் கழிகள் தொங்குகின்றன. ஒவ்வொரு ஜோடியும் ஒரு வாசல். பச்சை வெள்ளை என்றால் ஓட்டத்தோடு நுழைய வேண்டும். சிவப்பு வெள்ளை என்றால் கீழே இறங்கித் திரும்பி ஓட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும். ஒரு பந்தயத்தில் ஏறக்குறைய இருபது வாசல்கள். கழியில் துடுப்போ தோளோ தலையோ உரசினால் 2 வினாடி அபராதம். வாசலைத் தவறவிட்டால் 50 வினாடி, அதாவது ஆட்டம் முடிந்தது. ஒன்றரை நிமிடத்தில் முடியும் பந்தயத்தில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் வினாடியின் பின்னத்தில்தான் தீர்மானமாகிறது.

கயாக்கில் காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு பக்கமும் தட்டை உள்ள துடுப்பைச் சுழற்றுகிறார்கள். கனூவில் முழங்கால் போட்டு, ஒற்றைத் தட்டைத் துடுப்பு. பார்க்கும்போது இரண்டும் ஒரே கூத்தாகத்தான் தெரியும். கொஞ்ச நேரம் கவனித்தால் ஒன்று புரிகிறது. தேர்ந்தவர்கள் தண்ணீரோடு சண்டை போடுவதில்லை. பாறைக்குப் பின்னால் ஓட்டம் சுழன்று மேல்நோக்கிப் போகும் இடம் ஒன்று இருக்கும். படகின் மூக்கை அதில் நுழைத்து, துடுப்பை ஊன்றி, உடம்பை ஒரு சாய்ப்பு. படகு தானாகத் திரும்பிக்கொள்கிறது. பழகாதவர்கள் கைபலத்தை நம்புகிறார்கள். தண்ணீர் அவர்களைத் தூக்கி அடுத்த வாசலைத் தாண்டிப் போட்டுவிடுகிறது.

பயிற்சியில் இருந்தவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி நடு ஓட்டத்தில் கவிழ்ந்தாள். படகின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கரையில் இருந்த பயிற்சியாளர் அசையவில்லை. மூன்று வினாடி இருக்கலாம். தண்ணீருக்குள்ளிருந்து துடுப்பு ஒன்று நீண்டது, இடுப்பு ஒரு வெட்டு வெட்டியது, அவள் நிமிர்ந்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். ஆர்க்டிக் பகுதியில் சீல் வேட்டையாடிய இனூயிட் மக்கள் கண்டுபிடித்த வித்தை இது. உறையும் கடலில் படகைவிட்டு வெளியே வந்தால் மரணம் என்பதால் படகோடு புரண்டு எழக் கற்றுக்கொண்டார்கள். கயாக் என்ற சொல்லே அவர்களுடையதுதான்.

காசு கொடுத்தால் ரப்பர் படகில் நம்மையும் இறக்கிவிடுகிறார்கள். ரப்பர் உடை, ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் சகிதம் நானும் இறங்கினேன். அனுபவத்தை விவரிக்க அதிகம் இல்லை. கண்ணைத் திறந்திருந்த நேரம் குறைவு.

மீண்டும் 1972-க்கு வருவோம். தனிக்கொடி, தனிக் கீதத்தோடு கிழக்கு ஜெர்மனி கலந்துகொண்ட முதல் கோடை ஒலிம்பிக் அது. நடந்ததோ பங்காளி வீட்டில். பதக்கப் பட்டியலில் 20 தங்கத்தோடு கிழக்கு மூன்றாம் இடம், 13 தங்கத்தோடு மேற்கு நான்காம் இடம். கிழக்கு ஜெர்மனியின் விளையாட்டுச் சாதனைகள் பலவற்றின் மேல், அரசே திட்டமிட்டு நடத்திய ஊக்கமருந்து விவகாரத்தின் கறை படிந்திருக்கிறது. கால்வாய் விவகாரம் அந்த ரகம் அல்ல. எந்த விதியும் மீறப்படவில்லை. ஒரு மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு அந்த நகலெடுப்பின் மேல் கொஞ்சம் மரியாதைகூட உண்டு. மூலத்தை அத்தனை உன்னிப்பாகப் படித்தவர்கள் அவர்கள்தான்.

அது சாத்தியமானதற்கு ஒரு காரணம் உண்டு. ஆக்ஸ்பர்க்கின் பாறைகள் கான்கிரீட்டில் வார்த்தவை, நகராதவை. வாசல்களை ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாற்றித் தொங்கவிடுவார்கள். போட்டிக்கு முன் அந்த அமைப்பில் ஒத்திகை பார்க்க வீரர்களுக்கு அனுமதி இல்லை. கரையில் நடந்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் தண்ணீர் எங்கே எழும்பும், எங்கே சுழலும் என்பது மாறாது. அதை உடம்பில் ஏற்றிக்கொண்டு வந்தவனுக்குப் பாதிப் பந்தயம் முடிந்த மாதிரி. இன்று கட்டும் கால்வாய்களில் பிளாஸ்டிக் தடுப்புகளை வேண்டியபடி நகர்த்தி ஓட்டத்தையே மாற்றுகிறார்கள்.

ஒலிம்பிக் கதைக்குப் பிறகு வந்தது இருபது வருட மௌனம். இத்தனை செலவில் கால்வாய் கட்ட அடுத்தடுத்த நகரங்கள் முன்வரவில்லை. 1992 பார்சிலோனாவில்தான் ஸ்லாலோம் திரும்பியது. பெண்கள் கயாக்கில் அன்று தங்கம் வென்ற எலிசபெத் மிஹெலர், ஆக்ஸ்பர்க் கால்வாயில் வளர்ந்தவர். 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அலெக்சாண்டர் கிரிமும் இந்த ஊர்க்காரர்தான். 1972-ன் பொன்விழாவாக 2022 ஜூலையில் உலகச் சாம்பியன் போட்டி இங்கேயே நடந்தது. ரிக்கார்டா ஃபுங்க் பெண்கள் கயாக்கில் தங்கம் வென்றார். உள்ளூர்க்காரர் சிடெரிஸ் டாசியாடிஸ் கனூவில் வென்றார். ஐம்பது வருடக் கடன் தீர்ந்தது என்று ஊர் கொண்டாடியிருந்தால் தப்பில்லை.

ஒலிம்பிக் கால்வாய்களில் பெரும்பாலானவை பம்ப் வைத்துத் தண்ணீரைத் தூக்கி ஊற்றுபவை. லண்டன், ரியோ, டோக்கியோ, பாரிஸ் எல்லாம் அப்படித்தான். சுவிட்சை அணைத்தால் நதி நின்றுவிடும். 2004 ஏதென்ஸில் கடல்நீரையே இறைத்துக் கட்டினார்கள். விழா முடிந்தது, கால்வாய் கைவிடப்பட்டுக் காய்ந்தது. ஆக்ஸ்பர்க்கில் பம்ப் இல்லை. லெஹ் ஆறு தன் எடையிலேயே இறங்குகிறது. வீரர்கள் இன்றும் ஏன் இங்கே குவிகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு விடை.

ஆனால் அந்த லெஹ் ஆற்றின் நிலைமை? ஹோஹாப்லாஸ் மேல் நின்று தெற்கே பார்த்தால் அமைதியான அகன்ற நீர்ப்பரப்பு. அழகுதான். ஆனால் ஆல்ப்ஸிலிருந்து இறங்கும் ஆறு அப்படி இருக்கக் கூடாது. ஆஸ்திரிய எல்லை தாண்டி டான்யூபில் கலக்கும் வரை லெஹ் மீது 20-க்கும் மேற்பட்ட அணைகளும் மின் நிலையங்களும் உள்ளன. ஆறு படிக்கட்டாகிவிட்டது. ஒரு படியில் தேங்கி அடுத்த படிக்கு இறங்குகிறது. எல்லைக்கு அப்பால், டிரோல் மாநிலத்தில் மட்டும் அகன்ற சரளைத் திட்டுகளுக்கு நடுவே பழைய லெஹ் இன்னும் தன் இஷ்டத்துக்கு வழி மாற்றிக்கொண்டு ஓடுகிறது. பவேரியாவில் ஆறு சீறுவதைப் பார்க்க வேண்டுமானால் குப்பை கழிக்க வெட்டிய வாய்க்காலுக்குப் போக வேண்டியிருக்கிறது. அணைகள் மின்சாரம் தருகின்றன, வெள்ளத்தைத் தடுக்கின்றன என்பதை யாரும் மறுக்கவில்லை. இருந்தாலும் கணக்கில் இந்தச் செலவையும் எழுத வேண்டும்.

புல்மேட்டில் உட்கார்ந்திருந்தபோது மகேஷ்வர் ஞாபகம் வந்தது. மத்தியப் பிரதேசத்தில், நர்மதை நூறு பாறை இடுக்குகளில் பிரிந்து பாயும் சஹஸ்ரதாரா அங்கே இருக்கிறது. கான்கிரீட் தேவையில்லாத, இயற்கை கொடுத்த ஸ்லாலோம் திடல். தேசியப் போட்டிகள் அங்கே நடக்கின்றன. 2023 பிப்ரவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டின் ஸ்லாலோம் பந்தயங்களும் அங்கேதான் நடந்தன. ஆனால் அங்கும் மேலே ஓங்காரேஷ்வர் அணை. அது திறந்துவிடும் தண்ணீரைப் பொறுத்துத்தான் கீழே ஓட்டம். கேரளத்தில் 2013 முதல் கோழிக்கோடு மாவட்டத்தின் சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் மழைக்காலத்தில் மலபார் நதித் திருவிழா என்ற பெயரில் கயாக் பந்தயம் நடக்கிறது. வெளிநாட்டு வீரர்களும் வருகிறார்கள். மழை ஓய்ந்தால் ஆறும் ஓய்ந்துவிடும்.

ஆக்ஸ்பர்க் சிறுமிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் வந்து தினமும் இறங்க ஒரு சீறும் ஓட்டம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அணை அதிகாரியின் கருணையும் பருவமழையின் கருணையும் வேண்டும். அயல்நாட்டுக் கால்வாயில் பயிற்சி எடுக்க வேண்டுமென்றால் விமான டிக்கெட்டும் வாடகையும் யார் தருவது? அந்த வகையில் 1972-ன் பாடத்தை உலகம் நன்றாகவே படித்திருக்கிறது. இன்று நகல் கட்டத் தேவையில்லை. பணமுள்ள நாட்டு அணிகள் ஒலிம்பிக் கால்வாயிலேயே மாதக்கணக்கில் தங்கிப் பழகிக்கொள்கின்றன.

மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் குறையவில்லை. 2024 பாரிஸில் ஒலிம்பிக்குக்கு வந்த கயாக் கிராஸ் என்ற புதுப் பந்தயத்துக்கு நான்கு இளைஞர்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். நான்கு படகும் ஒரே நேரத்தில் தண்ணீரில் குதித்து, இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டும். வழியில் ஓரிடத்தில் கட்டாயமாக ஒரு முறை முழுக்கப் புரண்டு எழ வேண்டும். கழியில் உரசாமல் நாசூக்காக நெளியும் பழைய ஸ்லாலோமை ரசித்தவர்களுக்கு இது கொஞ்சம் தெருச்சண்டை மாதிரி தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.

பிரெக்ட் வீடு? மறுநாள் காலை போனேன். நல்ல அருங்காட்சியகம். ஜன்னல் பக்கம் நின்றால் வாய்க்கால் சத்தம் கேட்கிறது.