கையோடு வரவேண்டியவை

பல வருடங்களுக்கு முன்னர் நானுஓயாவில், தேயிலைத் தோட்ட லயமொன்றில், மூதாட்டி ஒருவரைப் படம்பிடித்தேன். அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிரத் தம்மை எவரும் படமெடுத்ததில்லை என்றார். பிரதி அனுப்புவதாக வாக்களித்துப் புறப்பட்டேன். கமராவையும் படச்சுருள்களையும் பெரிய பெட்டியில் இட்டு விமானமேறினேன். பெட்டி வந்து சேரவில்லை. கமராவை மீண்டும் வாங்கிக்கொண்டேன். அடுத்தமுறை லயத்துக்குச் சென்றபோது மூதாட்டி இல்லை. மகள் படத்தைக் கேட்டார்.

அன்றுமுதல் எனது ஒழுங்கு இது: படம் பதிந்த நினைவட்டைகள் சட்டைப்பையில், கமராவும் வில்லைகளும் கைப்பையில், முக்காலியும் துணிமணிகளும் பெட்டியில். உதிரி லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றக்கூடியவை. ஆதலால் அவற்றைப் பெட்டியில் வைக்க விமான விதிகள் இடந்தருவதில்லை. 100 வாட்-மணிக்கு மேற்படாதவற்றை, முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, கைப்பையில் கொண்டுசெல்லலாம். சாதாரணக் கமரா மின்கலங்கள் இவ்வரம்புக்கு வெகுவாகக் கீழ்ப்பட்டவையே. படச்சுருள் பாவிப்போர் ஊடுகதிர்க் கருவிக்குள் விடாது கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்வது நன்று.

மலைக்குளிரிலிருந்து கட்டுநாயக்காவின் வெக்கைக்கு இறங்குமுன் கமராவைக் காற்றுப்புகாத பையில் மூடிவிடுங்கள். வில்லையில் ஈரம் படியாது.

பெட்டி தொலைந்தால் நட்டஈடு கிடைக்கலாம். அந்த மகளுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை.