ஸ்பேர் டயரின் வயது

காலை நிகழ்ச்சியில் வணக்கத்திற்கு அடுத்து நான் அதிகம் சொல்லும் வாக்கியம் இதுதான்: "சாலை ஈரமாக இருக்கிறது, கவனமாக ஓட்டுங்கள்." சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிடுவேன். கேட்பவர்களின் காரில் என்ன டயர் ஓடுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போன மாதம் அப்பா போன் செய்தார். "பீடோர்ல கல்யாணம். அம்மாவை அழைச்சிக்கிட்டு நானே ஓட்டிட்டுப் போறேன்மா."

கிள்ளானிலிருந்து பீடோருக்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அப்பாவுக்கு 68 வயது. 1999-இல் வாங்கிய அவருடைய புரோட்டோன் விராவுக்கு 26. அவர் வேலை ஓய்வு பெற்ற பிறகு அது கோயிலுக்கும் பசாருக்கும்தான் போய் வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். "டயரைப் பாத்தீங்களாப்பா?" என்றேன்.

"பூ அப்படியே இருக்கு. நான் என்ன தினமும் கோலாலம்பூருக்கா ஓட்டுறேன்?"

பூ உண்மையிலேயே இருந்தது. பள்ளங்களுக்கு நடுவே உள்ள தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டர் உயரம். ரப்பர் அந்த அளவுக்குத் தேய்ந்தால் டயர் முடிந்தது என்று பொருள். அப்பாவின் டயர்கள் அதற்கு வெகு தூரத்தில் இருந்தன. ஆனால் பக்கச்சுவரில் மயிரிழை போல வெடிப்புகள். டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்ணின் கடைசியில் 2315 என்றிருந்தது. 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பத்து வயது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் போகும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பிடிக்காது. பத்து ஆண்டுக்கு மேல் எந்த டயரையும் பயன்படுத்த வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.

அப்பா அரை மனதோடு டயர் கடைக்கு வந்தார். "முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தலாம். செகண்ட் ஹேண்ட் இருந்தா போதும்."

கடைக்காரச் சீன அங்கிள் தலையை ஆட்டினார். "அண்ணே, ரெண்டுதான் வாங்கினா புதுசு பின்னாடிதான் போடணும்." காரணத்தையும் சொன்னார். மழையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். செகண்ட் ஹேண்ட் டயர் எந்தப் பள்ளத்தில் அடிபட்டது என்று அவருக்கே தெரியாதாம்.

நான் ரிம்மை 14 அங்குலமாக மாற்றலாமா என்று கேட்டேன். 185/60 போட்டால் மொத்த உயரம் இரண்டு மில்லிமீட்டர்தான் கூடும், ஆனால் ரிம்முக்கும் சேர்த்துப் பணம் போகும் என்றார். பழைய அளவான 175/70 ஆர் 13 கைவசம் இருந்தது. அளவுக்குப் பின்னால் வரும் 82 என்ற எண்ணையும் பார்த்துக்கொண்டேன். ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு அது. ஒன்று 150 வெள்ளி.

அப்பா கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அப்போ மூணு வாங்கு. ஸ்பேர் புத்தம் புதுசு. இதுவரைக்கும் ரோட்டுல பட்டதே இல்ல."

அங்கிள் பூட்டைத் திறந்து ஸ்பேரை வெளியே எடுத்தார். பளபளவென்றிருந்தது. பூவில் ஒரு தேய்மானம் இல்லை. நான் கைப்பேசி விளக்கை அடித்தேன். நான்கு எண்கள் இல்லை, மூன்றுதான்: 319. இரண்டாயிரத்துக்கு முன்பு செய்த டயர்களில் அப்படித்தான் இருக்கும். 1999, 31-ஆவது வாரம். நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்த ஆண்டு.

அப்பா குனிந்து அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். இத்தனை வருடமும் எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனபோது, அவர் நம்பி வந்தது அந்த டயரைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அஞ்சையும் மாத்திடுங்க" என்றார். பணத்தை என்னைக் கொடுக்க விடவில்லை. புது டயர்களின் தேதியை அவரே ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார்.

திருமணத்தன்று காலை எனக்கு நிகழ்ச்சி. தஞ்சோங் மாலிமிலிருந்து சிலிம் ரிவர் வரை கனமழை என்று தகவல் வந்தது. வழக்கமான வாக்கியத்தைத்தான் சொன்னேன். அன்று மட்டும் சொல்லி முடித்தும் உடனே பாட்டைப் போட முடியவில்லை. அந்த மழைக்குள் என் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள்.

பத்து மணிக்கு அப்பா போன் செய்தார். "வந்து சேர்ந்துட்டோம்மா. கார்ல சத்தமே இல்ல. ரேடியோவுல உன்னையும் கேட்டோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஆமா, உன் கார் டயருக்கு என்ன வயசு?"

தெரியவில்லை. கைப்பேசி விளக்கை எரியவிட்டுக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினேன்.