மிதிவண்டி வாடகை

மலருக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரை வேண்டும் என்றுதான் ஆசிரியர் கேட்டார். இரசாயனம் படிக்கிறவன் அதைத்தானே எழுத வேண்டும்! ஆனால் சில மாதங்களாக என் மனத்தில் குடியிருப்பவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவர் காலமாகி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவரைப் பற்றி எழுதினால்தான் எனக்கு மற்ற வேலை ஓடும் போலிருக்கிறது. ஆசிரியர் பொறுத்தருள வேண்டும்.

நான் குடியிருப்பது பொம்மனஹள்ளியில், ஓசூர்ச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மாடி அறையில். சுற்றிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். காலையிலும் மாலையிலும் சாலை நிறையப் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு வேகமாக நடப்பதைப் பார்க்கலாம். எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை உண்டு. ‘சைட்’ என்று சொன்னால்தான் இங்கே புரியும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்த சைட்டில் பதினைந்து இருபது பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லிக் கொடுக்கிறேன் என்பது பெரிய வார்த்தை. கல்லூரி அணியில் இரண்டு வருஷம் ஆடியவன், அவ்வளவுதான். பையன்களில் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஒடியா எல்லாம் உண்டு. எனக்குத் தெரிந்த கன்னடம் அவர்கள் கற்றுக் கொடுத்ததுதான்.

அவர்களில் ஒருவன், வயது பன்னிரண்டு இருக்கும். பந்து அவன் காலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். நான்கு பேரை ஏமாற்றி விட்டு ஐந்தாவது ஆளிடம் கொடுத்து விடுவான். பக்கத்தில் நிற்கும் தோழன் கையை ஆட்டிக் கத்தினாலும் ‘பாஸ்’ கொடுக்க மாட்டான். அதோடு ஒவ்வொரு ஞாயிறும் தாமதம். அப்போதுதான் நான் சையத் அப்துல் ரஹீமைப் பற்றிப் படிக்கத் தொடங்கியிருந்தேன். பந்தை வீணே உருட்டிக் கொண்டு திரிவதை ரஹீம் விரும்பியதில்லை என்று படித்தவுடன் எனக்குப் பெரிய ஆயுதம் கிடைத்து விட்டது. ஒரு ஞாயிறு, பையன்கள் எல்லாரும் கேட்க, “நேரத்துக்கு வரத் தெரியாது, பாஸ் கொடுக்கத் தெரியாது, நீ எதுக்குடா ஆட வரே?” என்று கேட்டு விட்டேன். பையன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ரஹீமின் கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் அணியில் ஆடினார். பின்னர்ப் பள்ளி ஆசிரியரானார்; உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயமும் பெற்றார். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி அவர் கையில் இருந்த காலத்தில் 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ச்சியாக பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குப் பயிற்சியளித்தார். ஈரானை ஒரு கோலால் வென்று தங்கம் வாங்கினோம்.

மறு வருஷமே ஹெல்சிங்கி. ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். குளிர்ந்த மைதானத்தில் நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூர் அகமது கான். 1948-ல் இலண்டனில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவரும் பெங்களூர்க்காரரே. சாரங்கபாணி ராமன் என்பது பெயர். இந்த ஊரில் கால்பந்து எந்த நாளிலும் வேற்று விருந்தாளி அல்ல. கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே இருக்கிறது; நம்பாதவர்கள் அல்சூர்ப் பக்கம் போய்ப் பார்த்து வரலாம்.

பத்துக் கோல் வாங்கிய அணியின் பயிற்சியாளர் ஊர் திரும்பி என்ன செய்வார்? ஆட்டக்காரர்கள் மீது பழியைப் போட்டிருக்கலாம். குளிர் மீது போட்டிருக்கலாம். அதன் பின்னர் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. ரஹீமோ ஹைதராபாத்தில் தம் வழியில் அடிப்படைகளைக் கற்பித்துக் கொண்டிருந்தார். பந்தை உருட்டாமல், வந்தவுடன் தட்டிவிடும் ஆட்டத்துக்கென்று தனிப் போட்டிகள் வைத்தார். பலமில்லாத காலால் மட்டும் உதைக்க வேண்டிய போட்டிகளும் வைத்தார். வலக்காலன் அன்று முழுதும் இடக்காலால்தான் ஆட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குறையைச் சுட்டிக் காட்டுவதோடு நிறுத்தாமல், அந்தக் குறைக்கே ஒரு விளையாட்டை உண்டாக்கி விட்டார் அல்லவா!

நான்கு வருஷம் கழித்து, 1956-ல், மெல்போர்ன். ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். அவற்றில் மூன்று நெவில் டி’சோசா அடித்தவை. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா. மீண்டும் யூகோஸ்லாவியா குறுக்கே வந்தது, தோற்றோம். நான்காவது இடம்.

பிறகு 1962, ஜகார்த்தா. இதைத்தான் 2024-ல் ‘மைதான்’ என்ற இந்திப் படமாக எடுத்தார்கள். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. தாய்லாந்துடன் ஆடுகையில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டு ஆறு தையல். அவர் அணியின் தடுப்பாட்டக்காரர். அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லை. அரையிறுதி வந்தபோது ரஹீம் அவரைத் தடுப்பாட்டத்தில் விடாமல் முன்னே ‘சென்டர் பார்வர்டா’க நிறுத்தினார். ஜர்னைல் கல்லூரி நாளில் முன்வரிசையில் ஆடியவர் என்பதை அவர் மறக்கவில்லை. கட்டுப் போட்ட தலையோடு ஜர்னைல் அரையிறுதியிலும் ஒரு கோல் போட்டார், இறுதி ஆட்டத்திலும் ஒரு கோல் போட்டார். காய்ச்சலில் கிடந்து எழுந்த பீட்டர் தங்கராஜை இறுதி ஆட்டத்தில் கோல் காக்க வைத்தார். அரசியல் காரணத்தால் அரங்கம் முழுதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். செப்டம்பர் 4-ஆம் தேதி, அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். அந்த அணியில் பெங்களூர் அருமைநாயகமும் இருந்தார். ரஹீம் அப்போதே நோயாளி. 1963 ஜூன் 11-ல் புற்றுநோயால் காலமானார். ஐம்பத்து மூன்று வயது. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்கு வரவேயில்லை.

இவ்வளவும் எனக்கு மனப்பாடம். மாடி அறையில் படுத்துக் கொண்டு, ஜர்னைலை முன்னே நிறுத்திய சாமர்த்தியத்தை வியந்து கொண்டிருந்தேன். அப்போதுதான் துளசிதாஸ் பலராமைப் பற்றிப் படித்தேன். செகந்திராபாத்தில் அம்முகுடா என்ற இடத்தில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமியோடு சேர்த்து மும்மூர்த்திகள் என்று சொல்லப்பட்டவர். ரஹீம் அவருடைய ஆட்டத்தைப் பார்த்துப் பயிற்சிக்கு வா என்று அழைத்திருக்கிறார். தொலைவு அதிகம், வருவதற்குக் காசில்லை என்றாராம் பலராம். வாடகை மிதிவண்டிக்கு ரஹீம் தம் கையிலிருந்து பணம் கொடுத்தார். பலராம் கிழவரான பின்னும் இதைச் சொல்லிக் கொண்டிருந்தார். 2023-ல் அவரும் மறைந்தார்.

புத்தகத்தை மூடி விட்டேன். வெட்கமாக இருந்தது. ‘பாஸ் கொடு’ என்பதை மட்டும் ரஹீமிடமிருந்து எடுத்துக் கொண்டேனே தவிர, ‘ஏன் வர முடியவில்லை’ என்று கேட்பதை எடுத்துக் கொள்ளவில்லை. பையன் வராமல் நான்கு வாரம் ஆகியிருந்தது. தமிழ்ப் பையன்தான், என்னோடு தமிழிலேயே பேசுவான். வீடு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. மற்றப் பையன்களைக் கேட்டுக் கொண்டு போனேன். வரிசையாக ஒற்றை அறை வீடுகள். வாசலில் பிளாஸ்டிக் குடங்கள். அவன் தாயார் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். தருமபுரிப் பக்கம்.

“ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம் கூப்பிட்டுடறாங்க தம்பி. பாப்பாவைத் தனியா விட்டுட்டு வர முடியுமா? பக்கத்து வீட்டு அக்கா எழுந்து வாங்கிக்கிட்டாத்தான் இவன் கிளம்புவான். இப்ப அந்த அக்காவும் ஊருக்குப் போயிருச்சு.”

பையன் கதவருகே நின்று தரையைப் பார்த்துக் கொண்டிருந்தான். தங்கைக்கு இரண்டு வயது இருக்கலாம். அவன் சட்டை நுனியைப் பிடித்துக் கொண்டிருந்தது.

“இதை ஏண்டா என்கிட்டே சொல்லல்லே?” என்றேன்.

“நீங்க கேக்கல்லேண்ணா” என்றான்.

அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுபதில் இல்லை. பாப்பாவையும் கூட்டிக் கொண்டு வா என்று மட்டும் சொன்னேன். அவன் தாயார், “அழுவும் தம்பி, உங்களுக்குத் தொந்தரவு” என்றார். அழட்டும் அம்மா என்று சொல்லி விட்டு வந்தேன்.

சென்ற ஞாயிறு ஏழே காலுக்கு வந்தான். இடுப்பில் பாப்பா. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பைகள் வைத்திருந்த மூலையில் ஒரு துண்டை விரித்துப் பாப்பாவை உட்கார்த்தி, கையில் ஒரு பிஸ்கோத்தைக் கொடுத்தோம். முறை வைத்து ஒவ்வொருவராக அதன் பக்கத்தில் உட்காருவது என்று பையன்களே பேசிக் கொண்டார்கள். அன்று எல்லாரும் இடக்காலால்தான் ஆட வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். இடக்காலில் அவனால் யாரையும் ஏமாற்ற முடியவில்லை. பந்து வந்ததும் தட்டி விட வேண்டியதாயிற்று. இரண்டு முறை சரியாகத் தோழனிடம் போயிற்று. மூன்றாம் முறை ஓங்கி உதைத்தான். பந்து பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் போய் விழுந்தது. அந்த வீட்டுக்காரருக்கு எங்கள் மேல் ஏற்கெனவே கோபம். தெரிந்த கன்னடத்தை எல்லாம் திரட்டிக் கொண்டு நான்தான் போய்க் கேட்டு வாங்கி வந்தேன்.