ஆயிரத்து அறுநூறு புள்ளிகளில் ஒரு பாட்டி

மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு மனித உருவம் என்பது ஆறு பெட்டிகள். தலை ஒன்று, உடம்பு ஒன்று, கை இரண்டு, கால் இரண்டு. விரல் கிடையாது, மூக்கு எழும்பாது, இடுப்பு ஒடுங்காது. இந்தப் பெட்டிகளின் மேல் போர்த்தும் படத்தைத்தான் ஸ்கின் என்கிறார்கள். 64-க்கு 64 பிக்சல் அளவுள்ள ஒரு சின்னப் படக்கோப்பு. அதிலும் உடம்பின் மேல் நேரடியாக ஒட்டுவது 1,632 பிக்சல்கள் மட்டுமே. அதற்கு மேல் இன்னொரு அடுக்கு உண்டு. சட்டை, தொப்பி, தலைமுடி போன்றவை உடம்பிலிருந்து சற்று விலகி நிற்பதற்காக. ஒரு மனிதரை இன்னார் என்று காட்ட நமக்குக் கிடைக்கும் இடம் இவ்வளவுதான்.

இந்தச் சிறிய இடத்தில் வரைவதில் எனக்குப் பெரிய மோகம் உண்டு. போர்வீரன், டிராகன், விண்வெளி உடை எல்லாம் வரைந்திருக்கிறேன். அவை சுலபம். கவசத்துக்கு ஒரு பளபளப்பும் கண்ணுக்கு ஒரு சிவப்பும் போட்டால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். உண்மையான சோதனை, என் அக்கா மகள் "பாட்டி மாதிரி ஒரு ஸ்கின் போட்டுக் குடு சித்தி" என்று கேட்டபோதுதான் வந்தது. அவளுடைய பாட்டி, அதாவது என் அம்மா, மதுரையில் இருக்கிறார். சுங்குடிச் சேலை, நரைத்த கொண்டை, கண்ணாடி, மூக்குத்தி, பெரிய குங்குமப் பொட்டு. நேரில் பார்க்க எவ்வளவு எளிய தோற்றம்!

முகத்துக்கு எட்டுக்கு எட்டு, ஆக 64 சதுரங்கள். நெற்றிக்கு மேலான முடி இரண்டு வரிசையை எடுத்துக்கொள்ளும். விளையாட்டோடு வரும் ஸ்டீவ் என்ற உருவத்தைப் பாருங்கள். மேலிருந்து ஐந்தாவது வரிசையில் கண். ஒரு கண்ணுக்கு வெள்ளை ஒரு சதுரம், கருவிழி ஒரு சதுரம். கண்ணை ஒரு வரிசை கீழே இறக்கினால் உருவம் குழந்தையாகிவிடும். கண்ணாடியை மேலடுக்கில் வரைந்தேன்; அப்போதுதான் அது முகத்தை விட்டுக் கொஞ்சம் முன்னால் நிற்கும். பொட்டுக்கு ஒரே ஒரு சிவப்புச் சதுரம். அம்மா பெரிதாகப் பொட்டு வைப்பவர் என்பதால் அது கச்சிதமாக உட்கார்ந்தது.

மூக்குத்திதான் பாடாய்ப் படுத்தியது. ஒரு சதுரம் என்பது முகத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு வெள்ளைக் கல் பதித்தால் மூக்குத்தி வீட்டுச் சாவிக்கொத்து அளவுக்குத் தெரியும். அதற்காக மூக்குத்தியை விட்டுவிடவும் முடியாது. அது இல்லாமல் அம்மா இல்லை. வழி நிறத்தில் இருந்தது. வெள்ளைக்குப் பதில் கன்னத்தின் நிறத்தைவிட ஒரு படி மட்டும் வெளிச்சமான பழுப்பு மஞ்சளை அங்கே வைத்தேன். அருகில் பார்த்தால் என்னவென்று சொல்ல முடியாது. நான்கடி தள்ளிப் பார்த்தால் மூக்கின் பக்கத்தில் ஏதோ மின்னுகிறது. பிக்சல் வரைகலையின் மொத்த வித்தையும் இந்த ஒரு சதுரத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் தோலின் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கின் வரையக் கற்றுத்தரும் பாடங்களில் நான் பார்த்த பெரும்பாலானவை இளஞ்சிவப்புத் தோலுக்கே வண்ணம் கொடுக்கின்றன. கறுத்த தோல் என்றால் அதே வண்ணத்தோடு கறுப்பைக் கலக்கச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முகம் சாம்பல் பூசியதுபோல் செத்துப்போகும். நம்மவர் முகத்தில் நிழல் விழும் இடம் சிவப்பு கலந்த ஊதாவை நோக்கிப் போகிறது. வெளிச்சம் படும் இடம் மஞ்சள்காவியை நோக்கி வருகிறது. மாலை வெயிலில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைக் கவனித்தால் போதும், இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நான்கே வண்ணங்களில் ஓர் உயிருள்ள கறுப்பு முகத்தை வரைய முடியும். அதை வரையாமல் விடுவது சோம்பல்.

சேலை வேறு வகைச் சிக்கல். சுங்குடியின் அழகே துணியில் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்குவதால் விழும் வெள்ளைப் புள்ளிகள். ஒரு பிக்சலுக்கு ஒரு புள்ளி, இதைவிடப் பொருத்தம் உண்டா என்று தோன்றும். ஆனால் ஒன்றுவிட்டு ஒன்று புள்ளி வைத்தால் அது சதுரங்கப் பலகையாகிவிடுகிறது. உருவம் தள்ளிப் போகும்போது கண் கூசும்படி மினுக்குகிறது. புள்ளிகளைக் குறைத்து, வரிசைக்கு வரிசை இடம் மாற்றி, அரக்குச் சிவப்புக்கு நிறைய இடம் விட்ட பிறகே அது துணியாக மாறியது. காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு தறிக்குக் கரை வரைபவர்கள் கட்டம் போட்ட தாளில்தான் முதலில் வரைவார்கள். பிறகுதான் அது அட்டையில் துளைகளாகிறது. கட்டத்துக்குள் யோசிப்பது நம் நெசவுக்குப் புதிதல்ல.

அடுத்தது கால். சேலையும் வேட்டியும் இரண்டு காலையும் சேர்த்து மூடும் உடை. மைன்கிராஃப்டிலோ கால்கள் தனித்தனிப் பெட்டிகள். நிற்கும்போது கொசுவம் ஒழுங்காகச் சேர்ந்திருக்கும். நடக்கத் தொடங்கியதும் சேலை இரண்டாகப் பிளக்கும். விளையாட்டின் எலும்பமைப்பை ஸ்கினால் மாற்ற முடியாது. செய்யக்கூடியது ஒன்று. ஒரு காலின் உட்பக்கம் மறு காலைப் பார்த்தபடி இருக்குமே, பலர் வண்ணம் தீட்ட மறக்கும் அந்தப் பக்கத்தை அதே சேலையின் அடர்ந்த நிறத்தால் நிரப்ப வேண்டும். கால் வீசும்போது மடிப்புக்குள் இருக்கும் துணி தெரிவதுபோல் இருக்கும். கரையை இரு கால்களையும் சுற்றி ஒரே உயரத்தில் ஓட்டினால் கண் மீதியைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

இவ்வளவும் முடித்துக் காட்டியபோது அக்கா மகள் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா பாட்டி இப்படி நிக்க மாட்டாங்களே. முந்தானையை இடுப்புல சொருகியிருப்பாங்கள்ல?" என்றாள். அந்தக் கேள்வியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். மூக்கு, கண், பொட்டு என்று நான் முகத்தில் தேடிக்கொண்டிருந்த ஆளை அவள் இடுப்பில் கண்டுபிடித்திருந்தாள். அம்மாவை நாங்கள் எல்லோரும் வேலை செய்யும் கோலத்தில்தான் பார்த்திருக்கிறோம்.

சொருகிய முந்தானையை வரைவது இந்த ஸ்கினிலேயே கடினமான வேலை. துணி இடது தோளில் ஏறி, முதுகில் சாய்வாக இறங்கி, வலது பக்கம் சுற்றி, முன் இடுப்பில் முடிய வேண்டும். கோப்பில் உடம்பின் நான்கு பக்கங்களும் வலப்பக்கம், முன்புறம், இடப்பக்கம், முதுகு என்ற வரிசையில் விரித்துக் கிடக்கும். முதுகுப் பகுதியின் கடைசி ஓரத்தில் நிற்கும் துணி, படத்தின் மறுமுனையில் உள்ள வலப்பக்கத்தில் அதே வரிசையில் தொடர வேண்டும். ஒரு வரிசை பிசகினாலும் முந்தானை உடைந்து தெரியும். இடது கை வலது கையிலிருந்து வேறுபடவும் வேண்டும். 2014-இல் வந்த 1.8 பதிப்புக்கு முன்பு இதற்கு வழியே இல்லை. கோப்பு 64-க்கு 32 அளவில் இருந்தது, வலது கை கால்களின் படமே கண்ணாடியில் தெரிவதுபோல் இடப்பக்கமும் வந்துவிடும். ஒரு தோளில் மட்டும் முந்தானை போடும் பெண்களுக்கு அந்தப் பழைய கோப்பில் இடம் இருக்கவில்லை.

முதுகில் எனக்குத் தனி அக்கறை உண்டு. கூட விளையாடுபவர்கள் நம்மைப் பின்னால் தொடர்ந்து வரும்போது பார்ப்பது முதுகைத்தான். கொண்டையை மேலடுக்கில் வைத்து, அதைச் சுற்றி வெள்ளையும் வெளிர் பச்சையுமாக மாறி மாறிப் புள்ளி வைத்தால் மல்லிகைச் சரம். விளையாடுபவருக்கோ, கையில் எதையும் பிடிக்காதபோது, திரையில் தெரிவது தன் வலது கை மட்டும். அதனால் மணிக்கட்டில் இரண்டு வளையல் போட்டேன். அக்கா மகள் வெறுங்கையால் மரத்தை உடைக்கும்போதெல்லாம் பாட்டியின் வளையல் கண்ணில் படும்.

முன்பு, உருவம் எதையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு ஸ்டீவ் அல்லது அலெக்ஸ் கிடைப்பார்கள். 2022-இல் மேலும் ஏழு உருவங்களைச் சேர்த்தார்கள். பல நிறம், பல வகை முடி. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் ஒன்பது பேரில் யாரும் சேலையைச் சொருகிக்கொண்டு நிற்கவில்லை. ஸ்வீடனில் இருக்கும் ஒரு நிறுவனம் அதைச் செய்ய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நாமே வரைந்து ஏற்றிக்கொள்ளும் உரிமையை அவர்கள் கொடுத்திருப்பது அதைவிடப் பெரிது. 1996-இல் வந்த குவேக் விளையாட்டிலேயே ஆட்டக்காரர்கள் வீரனின் உடையைத் தாங்களே மாற்றி வரைந்தார்கள். இன்று ஃபோர்ட்நைட் போன்றவற்றில் விதவிதமான உடைகள் கடையில் விற்கின்றன, பிள்ளைகள் காசு கேட்கிறார்கள். ஆனால் தானே வரைந்து போட்டுக்கொள்ள அங்கே இடமில்லை. விற்கும் உடை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், எந்தக் கடையிலும் என் அம்மா கிடைக்க மாட்டார்.

அம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "கரை இன்னுங் கொஞ்சம் பட்டையா இருக்கணும்டி" என்றார். கரையை இரண்டு பிக்சல் ஆக்கினேன். அவர் சொன்னதுதான் சரி.

வீட்டில் மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளை இருந்தால் ஒரு விடுமுறை நாளில் பக்கத்தில் உட்காருங்கள். பிளாக்பெஞ்ச் என்ற மென்பொருள் இலவசம். வரைய வரைய உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: தாத்தா, பால்காரர், பக்கத்து வீட்டு அத்தை, யாராக இருந்தாலும் சரி. முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் துண்டைத் தோளில் போடுவாரா, தலையில் கட்டுவாரா என்பதைப் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள்.