கரண்ட் இல்லாத ஊரில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார்

போன ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி இருக்கும். வாரம் பூரா ஆணி புடுங்கின அலுப்புல போர்வைய விட்டு வெளில வரல. அக்கா பையன்கிட்டேருந்து போன். பண்ருட்டியில பத்தாவது படிக்கிறான். வழக்கமா நான் கூப்பிட்டாலே "ம்", "சரி மாமா", "வச்சிடட்டா" இந்த மூணுக்கு மேல பேசாத ஜென்மம். அன்னிக்கு எடுத்த எடுப்புலயே,

"மாமா, பசிஃபிகா நல்லாருக்குமா, ஸ்குவையர் நல்லாருக்குமா?"

தூக்கம் போயே போச்சு.

"யார்றா சொன்னா உனக்கு இதெல்லாம்?"

"நீகூட எலெக்ட்ரிக் கிட்டார் வச்சிருந்தியாமே. பாட்டி சொன்னாங்க. சொல்லிட்டு உன்னைத் திட்டுனாங்க."

அம்மா திட்டினதுல நியாயம் இருக்கு மக்களே. அந்த நியாயம் என்னன்னு சொல்லத்தான் இப்போ கொசுவத்தி சுத்தப்போறேன்.

எங்க ஊரு விருத்தாசலம். ரயில்ல போறவங்களுக்கு அது ஒரு ஜங்ஷன். கோயிலுக்கு வர்றவங்களுக்கு விருத்தகிரீஸ்வரர். அங்கயே பொறந்து வளந்த எங்களுக்குப் பீங்கான். பக்கத்துல நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்குத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்து வரும். பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரவே ஊர்ல ஒரு அரசு கல்விநிலையம் இருக்கு. செராமிக் தொழிற்பேட்டையில சின்னச் சின்ன கம்பெனிங்க. அகல் விளக்கு, பொம்மை, இன்சுலேட்டர், வீட்டு மெயின் போர்டுல மாட்டுற ஃபியூஸ் கட்டை எல்லாம் அங்க தயாராகும். அப்பா அப்படி ஒரு கம்பெனியில சூளை பாக்குறவரா இருந்தாரு. ஃபியூஸ் கட்டைதான் அவங்க சரக்கு. ஊருக்கெல்லாம் ஃபியூஸ் கட்டை செய்ற ஆளு வீட்டுல கரண்டே இருக்காது. அது 2012.

2012 தமிழ்நாட்டு மின்வெட்டு ஞாபகம் இருக்கா? சென்னைவாசிங்க ரெண்டு மணி நேரம் போகுதுன்னு புலம்பிக்கிட்டு இருந்தப்போ எங்க பக்கமெல்லாம் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேலயே போகும். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். ராத்திரியிலயும் அதே கணக்குதான். கம்பெனியில களிமண் அரைக்கிற மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடலன்னா சரக்கு இல்ல. சரக்கு இல்லன்னா சூளை இல்ல. சூளை இல்லன்னா அப்பாவுக்குக் கூலி இல்ல. இவ்ளோதான் பொருளாதாரம்.

அந்த வருஷ மாசி மகத்துலதான் எனக்குக் கிறுக்குப் பிடிச்சது. திருவிழாவுக்கு வந்த ஆர்க்கெஸ்ட்ராவுல ஒருத்தர் வெள்ளைக் கலர் எலெக்ட்ரிக் கிட்டார் வச்சிருந்தாரு. ஒரு பாட்டுக்கு நடுவுல அவர் ஒரு கம்பிய இழுத்து வளைச்சாரு பாருங்க... ஆள் அழற மாதிரி இருந்துச்சு. நாகஸ்வரத்துல கேட்டிருக்கேன், அந்த இழுவைய. கம்பியில வரும்னு அதுவரைக்கும் தெரியாது. பத்தாவது பரீட்சைக்கு ஒரு மாசம்தான் இருந்துச்சு. அப்பா வேற, "450க்கு மேல எடு, கேட்டத வாங்கித் தரேன்"னு சொல்லியிருந்தாரு. கியர் சைக்கிள் கேப்பேன்னு நெனச்சிருப்பாரு பாவம்.

468 எடுத்தேன். கேட்டேன்.

"அது என்னாத்துக்குடா நமக்கு?"

இதுக்கு நான் ஏற்கனவே பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன். பரீட்சை லீவு பூரா ஜங்ஷன் ரோடு பிரௌசிங் சென்டர்லதானே குடியிருந்தேன்! "அப்பா, பிரசன்னான்னு ஒருத்தர். நம்ம ராணிப்பேட்டையில பொறந்தவரு. ஐஐடி மெட்ராஸ்ல கப்பல் கட்டுற இன்ஜினியரிங் படிச்சாரு. இப்ப எலெக்ட்ரிக் கிட்டார்ல கர்நாடக சங்கீதம் வாசிக்கிறாரு, அமெரிக்கா எல்லாம் போயி." 'இன்ஜினியரிங்'ங்கிற ஒரு சொல்லு மட்டும் அப்பா காதுல விழுந்துச்சு. அது போதும். கூடவே மாண்டலின் சீனிவாச எடுத்து விட்டேன். அவரோடது எலெக்ட்ரிக் மாண்டலின், அதுவும் அஞ்சு கம்பி. எங்க கோயில்ல அஞ்சு கோபுரம், அஞ்சு பிராகாரம், அஞ்சு கொடிமரம். "அஞ்சுன்னா நம்ம ஊருப்பா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சேத்து ஆறு கம்பி"ன்னேன். அப்பா சிரிச்சிட்டாரு. முடிஞ்சது கதை.

காசு எங்கேருந்து? அங்கதான் இருக்கு அம்மாவோட நியாயம். அப்பா சீட்டு எடுத்து 12,000 வச்சிருந்தாரு. இன்வெர்ட்டர் வாங்கறதுக்கு. அக்கா ரெண்டாவது பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தா, ரெண்டு வயசுப் பையனையும் தூக்கிக்கிட்டு. வெயில் காலம். ராத்திரி கரண்ட் போனா அம்மா பனையோலை விசிறியால மாறி மாறி ரெண்டு பேருக்கும் விசிறுவாங்க. அந்தக் காசத்தான் நான் கேட்டேன். இன்வெர்ட்டர் காசுன்னு எனக்குத் தெரியாதான்னு கேக்கறீங்களா? தெரியும். நல்லாவே தெரியும். பதினஞ்சு வயசு.

சென்னைக்கு ரயிலேறினோம். முதல்ல அண்ணா சாலை மியூசி மியூசிகல். 1842ல தொடங்கின கடை அது. உள்ள போனதும் அப்பா செருப்ப வெளியில விட்டுட்டு வரட்டுமான்னு கேட்டாரு. நான் ஆறு மாசமா நோட்டுல எழுதி எழுதி மனப்பாடம் பண்ணின யமஹா பசிஃபிகா 012 கண்ணு முன்னால தொங்குது. தனியா ஆம்ப்ளிஃபையர் வேற வாங்கணும். கூட்டிப் பாத்தா கையில இருக்கறதத் தாண்டிடுச்சு. கையால ஒரு தடவ தடவிட்டு வெளில வந்தோம். கடைசியில வேற ஒரு சின்னக் கடையில, பேர் கேள்விப்படாத கம்பெனி கிட்டார், பத்து வாட் ஆம்ப், பை, வயர் எல்லாம் சேத்து 11,000. "எது நெறைய நாள் உழைக்கும்?"னு மட்டும் அப்பா கேட்டாரு. கடைக்காரர் என்னைப் பாத்தாரு. "அது தம்பி கையில இருக்கு சார்"னாரு.

வீட்டுக்கு வந்து மாட்டினா... "ஙொய்ய்ய்"னு ஒரே இரைச்சல். கம்பியத் தொட்டா குறையுது, கைய எடுத்தா கூடுது. ஏமாந்துட்டோம்னு அழுகையே வந்துடுச்சு. தொட்டப்போ ஒரு தடவ சுள்ளுன்னு வேற இருந்துச்சு. அதச் சொன்னதும் அப்பா மொகம் மாறிடுச்சு. ஒரே எட்டுல போயி பிளக்கப் புடுங்கிட்டாரு.

இங்க கொஞ்சம் பாடம். எலெக்ட்ரிக் கிட்டார் கம்பிக்கு அடியில பிக்கப்னு ஒண்ணு இருக்கும். ஒரு காந்தம், அதச் சுத்தி முடியவிட மெல்லிசான செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுத்து. மேல இரும்புக் கம்பி அதிர்ந்தா காந்தப்புலம் மாறும், சுருள்ல மின்சாரம் உண்டாகும். ஃபாரடே 1831ல கண்டுபிடிச்சது, பன்னெண்டாவது இயற்பியல்ல நாம மனப்பாடம் பண்ணினது, அதேதான். ஆனா அந்தச் சுருளுக்கு ஆள் தராதரம் தெரியாது. வீட்டு வயரிங்ல ஓடுற 50 ஹெர்ட்ஸையும் சேத்துப் புடிச்சுக்கும். அதுதான் அந்த "ஙொய்". ரெண்டு சுருள எதிரெதிரா சுத்தி வச்சா இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். 1955ல கிப்சன் கம்பெனியில சேத் லவர் இதுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிச்சாரு. ஹம்பக்கர்னு பேரு.

இரைச்சல் இருக்கட்டும், சுள்ளுன்னு அடிச்சது ஏன்? கிட்டார் கம்பி ஆம்ப்போட உலோக உடம்போட சேந்துதான் இருக்கும். எங்க வீட்டு மூணு முனை பிளக்குல மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு. எர்த்தே இல்ல.

அடுத்த ஞாயிறு அப்பா கொல்லையில பள்ளம் தோண்டினாரு. ஜி.ஐ. பைப்பு இறக்கி, சுத்தி அடுப்புக் கரி, கல்லுப்பு, மறுபடி கரி, மறுபடி உப்புன்னு அடுக்கி, தண்ணி ஊத்தி மூடினாரு. எலெக்ட்ரீஷியன் வந்து வயர இழுத்து மாட்டினாரு. ஆம்ப்ப போட்டேன். சுள்ளுங்கறது சுத்தமாப் போச்சு. இரைச்சலும் முக்கால்வாசி அடங்கிடுச்சு. அப்பா காதக் குடுத்து கேட்டுட்டு, "ம். இப்ப சரி"ன்னாரு. சூளைக் கதவத் தொறந்து சரக்கப் பாக்கும்போது சொல்ற அதே "ம்".

அன்னிக்குச் சாயந்திரம் இன்னொண்ணும் நடந்துச்சு. பிக்கப்ல இருக்கறது என்ன காந்தம்னு கேட்டாரு. எனக்குக் கொஞ்சம் கூச்சம். விலை ஒசந்த கிட்டார்ல அல்நிகோ காந்தம் இருக்கும், என்னோடது மாதிரி மலிவுல செராமிக் காந்தம்தான். சொன்னேன்.

"செராமிக்கா? நம்ம செராமிக்கா?"

"களிமண் இல்லப்பா. இரும்பு ஆக்சைடோட பேரியமோ ஸ்ட்ரான்ஷியமோ கலந்து, அச்சுல அழுத்தி, சூளையில வேக வைப்பாங்களாம். 1200 டிகிரிக்கு மேல."

அப்பா கிட்டார வாங்கி மடியில வச்சுக்கிட்டு அந்தப் பிக்கப்ப விரலால தடவிப் பாத்தாரு. "அப்ப இதுவும் சூளையில வெந்ததுதான்"னாரு. அதுக்கப்புறம் அவர் அந்தக் கிட்டாரப் பத்தி ஒரு வார்த்த தப்பா சொன்னதில்ல.

பயிற்சி? அதுதான் பெரிய காமெடி. கரண்ட் இருக்கற ஒரு மணி நேரம் ஆம்ப்ல, இல்லாத ஒரு மணி நேரம் சும்மா. ஆம்ப் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? பக்கத்து ரூம்ல யாரோ ரப்பர் பேண்டு இழுக்கற மாதிரி. ஆனா அதுலதான் கத்துக்கிட்டேன். இருட்டுல கட்டம் தெரியாது, விரலே தேடிப் போகணும். நாலு விரலையும் வரிசையா 1-2-3-4னு ஆறு கம்பியிலயும் ஏத்தி இறக்கறது. ஒரே விஷயத்த மெதுவா, தப்பில்லாம, நூறு தடவ. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்துல 'இளைய நிலா' பாட்டுக்குச் சந்திரசேகர் வாசிச்ச கிட்டார் இருக்கே, அதோட மொத ரெண்டு வரிக்கு எனக்கு மூணு மாசம் ஆச்சு. அது சாதா கிட்டார்ல வாசிச்சது, இதுல வராதுன்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டேன். வந்துச்சு.

மொத மாசம் விரல் நுனி தோல் உரிஞ்சுது. அப்புறம் காய்ச்சுப் போச்சு. ஒரு நாள் அப்பா பிடிச்சுப் பாத்துட்டு, தன் கையப் பக்கத்துல வச்சாரு. முப்பது வருஷச் சூளைக் கை. "ம், பரவால்ல"ன்னாரு.

இதெல்லாம் நடக்கும்போது அந்தப் பக்கம் அம்மா விசிறிக்கிட்டே இருந்தாங்க. அக்கா ஒரு ராத்திரி, வயித்தப் புடிச்சுக்கிட்டு வாசப்படியில வந்து ஒக்காந்தா. வேர்த்து ஊத்துது. பையன் அழுதுக்கிட்டே இருக்கான். நான் கிட்டாரக் கீழ வச்சிட்டு விசிறிய வாங்கப் போனேன். "நீ வாசிடா, அவன் அதக் கேட்டாத்தான் தூங்கறான்"னா. நெசமா, இல்ல என் மனசு நோகக்கூடாதுன்னு சொன்னாளான்னு இன்னிக்கு வரைக்கும் கேட்டதில்ல. வாசிச்சேன். ரப்பர் பேண்டு சத்தத்துல, 1-2-3-4. தூங்கிட்டான். அந்த 1-2-3-4 பையன்தான் போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினவன்.

2014ல பன்னெண்டாவது முடிச்சு இன்ஜினியரிங் சேந்தேன். ஹாஸ்டலுக்குக் கிட்டாரக் கொண்டு போகல. லீவுல கொஞ்சம் தொட்டேன், அப்புறம் அதுவும் இல்ல. பொட்டி தட்டுற வேலைக்கு வந்து, மொத சம்பளத்துல வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கிக் குடுத்தேன். அதுக்குள்ள மின்வெட்டு காணாமப் போயிருந்துச்சு. அம்மா அத மொறைச்சுப் பாத்துட்டு, மேல துணி போட்டு மூடி பூச்சாடி வச்சிட்டாங்க. :-)

சரி, மருமகனுக்கு என்ன சொன்னேன்? உங்க வீட்டுலயும் ஒரு பதினஞ்சு வயசு இருந்தா உதவட்டும்னு இங்கயும் எழுதறேன்.

பேரப் பாக்காத, கழுத்தப் பாரு. கம்பி பலகையிலேருந்து ரொம்ப ஒசரமா நின்னா விரல் வலியிலயே விட்டுடுவ. ஆம்ப்ல மாட்டறதுக்கு முன்னாடி சும்மா ஒவ்வொரு கட்டமா வாசிச்சுப் பாரு, கரகரன்னா வேற எடு. சுருதி சேத்து, கம்பிய நல்லா இழுத்து வளைச்சு, மறுபடி சுருதி நிக்குதான்னு பாரு. மொதல்ல 009 கம்பி போதும், மெல்லிசு. செராமிக் பிக்கப்னு எவனாவது எளப்பமா பேசினா, எங்க தாத்தா சூளைக்காரருன்னு சொல்லு. ஒரு ஹம்பக்கராவது இருக்கட்டும். பட்ஜெட் பூரா கிட்டார்லயே கொட்டாம ஆம்ப்புக்கு, இல்லன்னா ஹெட்போன்ல கேக்கற மாதிரி எதுக்காவது ஒதுக்கு. தெனம் இருவது நிமிஷம். ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மணி நேரம் வேலைக்காகாது. முக்கியமா, பத்து நிமிஷம் ஆம்ப் இல்லாம.

"பசிஃபிகாவே வாங்கு. காசு நான் தரேன்"னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் அக்கா வாங்கிப் பேசினா. "எதுக்குடா அவ்ளோ காசு?"

"கடன்க்கா"ன்னேன். புரிஞ்சுதான்னு தெரியல. சிரிச்சா.

சாயந்திரம் ஊருக்குப் போன் பண்ணி அப்பாகிட்ட விஷயத்தச் சொன்னேன். அம்மா பின்னாடியிலேருந்து, "ஆரம்பிச்சிட்டானுங்களா அடுத்தது"ங்கறாங்க. அப்பா எப்பவும் போல கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அவர் வேலைய விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. கிட்டார் பரண்மேல இருக்கு. ஆனா ஒவ்வொரு கோடையிலயும் கொல்லையில அந்த எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணி ஊத்திக்கிட்டேதான் இருக்காரு. காய்ஞ்சா எர்த் பிடிக்காதாம்.

அப்புறம் கேட்டாரு.

"பண்ருட்டியில அவங்க இருக்கறது வாடகை வீடாச்சே. எர்த் இருக்கா பாத்தியா?"

பாக்கல. அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரும் போறோம். அடுப்புக் கரி அவர் பாத்து வச்சிட்டாராம். உப்பு நான் வாங்கிட்டுப் போகணும்.